அத்திவாரத்துக்கு ஓடாவி எதற்கு?

ஜனவரி 7, இரவு 9.40 (கேள்வி)

வத்தளையில் ஒன்பது பேர்ச் காணி. தை பிறந்ததும் நாட்கல் வைக்கிறோம். மேசன் பாஸ், "புரோபைல் அடிக்க வடு பாஸ் (ஓடாவி, அதாவது தச்சர்) வேணும், பலகைக் காசு தாங்கோ" என்கிறார். கூரை, கதவு, யன்னல் வரும்போதுதானே மரவேலை? அத்திவாரம் என்றால் கல்லும் சீமெந்தும்தானே? எனக்கு இது வீண்செலவாகப் படுகிறது. புரோபைல், ரன்னர், கிக்கர், கவர் என்று அவர்கள் பேசுவதிலும் பாதி விளங்கவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 7, இரவு 10.25 (பதில்)

வீண்செலவு இல்லை, கொடுங்கள். வீட்டின் நீளம், அகலம், மூலை, மட்டம் எல்லாம் கல் வைப்பதற்கு முன்பே, மரமும் நூலும் மட்டும் காணியில் நிற்கிற நாட்களில் முடிவாகிவிடும். பிறகு வருகிற மேசன் அந்த நூலைப் பார்த்துத்தான் கட்டுவார். நூல் கோணினால் அவர் எவ்வளவு நேர்த்தியாகக் கட்டினாலும் சுவர் கோணும்.

புரோபைல் பலகை என்பது இதுதான். கிடங்கு வெட்டப்போகும் இடத்திலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி, ஒவ்வொரு மூலையிலும் இரண்டுக்கு இரண்டு அங்குல முளைகளை நிலத்தில் இறுக்கி அடிப்பார்கள். அவற்றில் ஆறங்குலப் பலகை ஒன்றைக் குறுக்காக வைத்து, ரசமட்டம் பார்த்து ஆணி அடிப்பார்கள். எதிரும் புதிருமான இரண்டு பலகைகளுக்கு இடையே நூல் இழுத்தால் ஒரு சுவரின் கோடு. தள்ளி அடிப்பதற்குக் காரணம் உண்டு: மூலையிலேயே முளை அடித்தால் முதல் மண்வெட்டிக்கே அது போய்விடும்.

பலகையின் மேல் விளிம்பில் ஐந்து ஆணிகள் இருக்கவேண்டும். நடு ஆணி சுவரின் மையம். ஒன்பது அங்குலச் சுவர் என்றால் அதற்கு இருபக்கமும் நாலரை அங்குலத்தில் ஒவ்வொன்று, அவை சுவரின் முகங்கள். கிடங்கு இரண்டடி அகலம் என்றால் மையத்திலிருந்து பன்னிரண்டு அங்குலத்தில் இன்னும் இரண்டு. கிடங்கு வெட்டும்போது வெளி ஆணிகளில் நூல் கட்டி, சுண்ணாம்பைத் தூவிக் கோடு போட்டுவிட்டு நூலை அவிழ்த்துவிடலாம். கல் கட்டும்போதும் சுவர் எழுப்பும்போதும் அதே பலகையில் வேறு ஆணிக்கு நூல் மாறும். பலகை அசையாதவரை கோடு எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கிடைக்கும். காசு கொடுப்பது இதற்குத்தான்.

ஜனவரி 8, காலை 6.15

பலகைக்கு முன்னால் எல்லை. பக்கத்து வீட்டு மதிலை எல்லையாக எடுத்துக்கொண்டு அளக்கத் தொடங்கவேண்டாம். மதில் எல்லைக்கு உள்ளேயும் இருக்கும், வெளியேயும் இருக்கும். நில அளவையாளரைக் கூப்பிட்டுப் பிளானில் உள்ள எல்லைக்கற்களை மறுபடி காட்டச் சொல்லுங்கள். வீதிக்கோடும் (வீதிக்கு ஒதுக்கிய எல்லை) கட்டடக்கோடும் (வீதிப்பக்கம் இதைத் தாண்டிக் கட்டக்கூடாத எல்லை) எங்கே வருகின்றன என்பதையும் காணியிலேயே முளை அடித்துக் குறித்துவிடுங்கள். தாளில் இருக்கிற கோட்டை மேசன் பார்க்கமாட்டார், முளையைப் பார்ப்பார்.

பிறகு காணியைத் துப்புரவாக்குவது. புல்லை வெட்டி எறிந்தால் போதாது. மேல்மண் ஆறங்குலமாவது அள்ளவேண்டும், அதில் வேரும் மக்கலும்தான் இருக்கும். தென்னங்குற்றி இருந்தால் அடியோடு கிளப்புங்கள். நிலமட்டத்துக்கு வெட்டிவிட்டு மேலே மண் போட்டால் உள்ளே உக்கி வெற்றிடம் விழும். கறையானும் அங்கேதான் குடியேறும்.

கொழும்புப் பக்கத்துப் பழைய காணிகளில் இன்னொன்று: மூடிவிட்ட மலக்குழி, தூர்த்த கிணறு. நான் அத்திவாரக் கோடு விழுகிற இடமெல்லாம் அலவாங்கால் குத்திப் பார்க்கச் சொல்வேன். கை வழுக்கி உள்ளே போனால் அந்த இடத்தில் வேலையை நிறுத்தி எஞ்சினியரைக் கூப்பிடவேண்டும். உடைந்த செங்கல்லும் குப்பையும் போட்டு நிரப்பி, மேலே அடித்து இறுக்கிவிட்டோம் என்பது ஏமாற்று.

ஜனவரி 8, மதியம்

நாட்கல் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் உங்களுக்கு நாள் நெருங்குகிறது. பெரும்பாலும் ஈசானிய மூலையில் வைப்பார்கள். முகூர்த்தம் விடியற்காலை என்றால் முதல் நாள் அவசர அவசரமாக எங்கேயாவது ஒரு குழி வெட்டுவார்கள். பிறகு நூல் போட்டுப் பார்த்தால் குழி அத்திவாரக் கோட்டுக்கு வெளியே இருக்கும், பூசை செய்த கல்லைத் தூக்கி நகர்த்த யாருக்கும் மனம் வராது. இதற்காகச் சுவரையே தள்ளிப் போட்ட வீடு எனக்குத் தெரியும். முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னதாக அந்த ஒரு மூலைக்காவது புரோபைல் அடித்து நூல் போட்டு, நூலுக்குள் குழி வெட்டுங்கள். ஐயருக்கும் சரி, மேசனுக்கும் சரி.

ஜனவரி 9, இரவு 8.50

ஒருவர் கீழே எழுதியிருக்கிறார்: "மூலை பார்க்க 3, 4, 5 போதும், இதற்கு ஓடாவி வேண்டாம்." கணக்கு சரிதான். ஒரு பக்கம் 3 அடி, மற்றப் பக்கம் 4 அடி, குறுக்கே 5 அடி வந்தால் மூலை நேர்மூலை. ஆனால் 3 அடியில் பார்த்துவிட்டு 30 அடிக்குச் சுவர் போடுகிறோம். 3 அடியில் ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு தவறினால், 30 அடியில் அது பத்து நூலாகிவிடும், ஒன்றேகால் அங்குலம். தரைக்கு ஓடு (டைல்) பதிக்கும்போது கடைசி வரிசையில் ஒவ்வொரு ஓட்டையும் ஆப்பு மாதிரிச் சரித்து வெட்டவேண்டி வருவது இதனால்தான்.

அதனால் பெரிதாக அளக்கவேண்டும். இடம் இருந்தால் 9, 12, 15. இன்னும் இடம் இருந்தால் 12, 16, 20. வீடே 24 அடிக்கு 32 அடி என்றால் குறுக்களவு சரியாக 40 அடி வரவேண்டும், அதையே நேராகப் பிடித்துப் பார்க்கலாம். நாடா எஃகு நாடாவாக இருக்கட்டும். துணி நாடா இழுத்த இழுப்புக்கு வரும். தொடங்கிய நாடாவாலேயே முடியுங்கள், நடுவில் மேசனுடைய நாடா, ஓடாவியுடைய நாடா என்று மாற்றவேண்டாம்.

ஜனவரி 9, இரவு 11 மணிக்குப் பிறகு

அதே நண்பர்: "இரண்டு குறுக்களவும் சமமாக வந்தால் முடிந்தது."

முடியவில்லை. முன்பக்கம் 24 அடி, பின்பக்கம் 23 அடி, இருபக்கமும் ஒரே அளவாகச் சரிந்து நிற்கிற வடிவத்திலும் இரண்டு குறுக்களவும் சமமாகத்தான் வரும். முதலில் எதிரெதிர்ப் பக்கங்கள் சமமா என்று பாருங்கள், பிறகு குறுக்களவு. இரண்டும் பொருந்தினால்தான் நான்கு மூலையும் நேர்மூலை.

வெள்ளவத்தை, தெஹிவளை ஒழுங்கைகளில் காணிகளே சாய்ந்திருக்கும். முன்னால் அகன்று பின்னால் ஒடுங்கும். அங்கே மதிலோடு ஒட்டிச் சுவரைக் கொண்டுபோக ஆசைப்படுவார்கள், ஒரு அங்குல இடமும் வீணாகக்கூடாதென்று. எது நேர்மூலை அறை, எந்தச் சுவர் மட்டும் எல்லையோடு சாய்ந்து போகலாம் என்பதைப் பிளான் வரைபவரோடு முதலே பேசி முடியுங்கள். சமையலறையும் குளியலறையும் நேர்மூலையாக இருக்கட்டும், அலுமாரியும் தரை ஓடும் அங்கேதான் கழுத்தைப் பிடிக்கும். சாய்வைக் கார் நிறுத்துமிடத்தில் கரைத்துவிடலாம்.

ஜனவரி 11, காலை

மட்டம். லேசர் வைத்திருக்கிற பாஸ் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் லெவல் குழாய், நம்பலாம். கண்ணாடிபோல் தெரிகிற பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர், இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். இதில் கள்ளம் செய்வது காற்றுக்குமிழி. நடுக் குழாயில் விரல் நீளத்துக்கு ஒரு குமிழி நின்றால் இரண்டு முனையும் வேறு வேறு உயரம் காட்டும். என்னோடு வேலை செய்த ஒரு ஓடாவி தண்ணீரில் சலவை நீலம் ஒரு சொட்டு விடுவார். குழாயை நிலத்தில் நீட்டிப் படுக்கவைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை குனிந்தபடியே நடந்து பார்ப்பார். நீலத்துக்கு நடுவே வெள்ளையாக ஒரு பொட்டு தெரிந்தால் அந்த இடத்தைத் தூக்கிச் சுண்டுவார், குமிழி மேலேறிப் போகும். பிறகுதான் பென்சிலைக் காதிலிருந்து எடுப்பார்.

குழாயைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது இரண்டு முனையையும் பெருவிரலால் அடைக்கவேண்டும். குறிக்கும்போது இரண்டையும் திறக்கவேண்டும். ஒன்று அடைபட்டிருந்தால் மட்டம் பொய்.

முதல் குறியை அசையாத ஒன்றில் போடுங்கள். கேற் தூண், பழைய மதில், எதுவானாலும் வேலை முடியும்வரை இடிபடாததாக இருக்கவேண்டும். சிவப்புப் பெயின்றில் ஒரு முக்கோணம். வீட்டின் தரைமட்டம், கிடங்கின் அடி, கல்லின் மேல்விளிம்பு எல்லாம் அதிலிருந்து இத்தனை மேலே, இத்தனை கீழே என்று சொல்லப்படும். ஒவ்வொரு மூலையையும் அந்தக் குறியிலிருந்தே எடுக்கவேண்டும். முதல் மூலையிலிருந்து இரண்டாவது, இரண்டாவதிலிருந்து மூன்றாவது என்று போனால் ஒவ்வொன்றிலும் உள்ள சின்னப் பிசகு சேர்ந்துகொண்டே போகும்.

கிடங்கின் ஆழத்துக்கு ஓடாவி ஒரு கோல் செய்து கொடுப்பார், மேலே குறுக்குப் பட்டி அடித்தது. கோலின் நீளம் நூலிலிருந்து கிடங்கின் அடிவரை. வெட்டுகிறவர் கோலை நிறுத்திப் பார்ப்பார், பட்டி நூலைத் தொட்டால் ஆழம் சரி. நூலுக்கு மேல் நின்றால் இன்னும் வெட்டவேண்டும். கீழே போனால் கூடுதலாக வெட்டிவிட்டார்கள், அதைத் தளர்ந்த மண் போட்டு நிரப்பக்கூடாது, கொங்கிறீற்றால்தான் நிரப்பவேண்டும்.

ஜனவரி 11, மாலை

தரைமட்டத்தை எவ்வளவு உயர்த்துவது என்று கேட்டவருக்கு: ரோட்டைப் பாருங்கள். காப்பெற் போடும்போதெல்லாம் ரோட்டு உயர்கிறது, வீடு உயர்வதில்லை. களனி கங்கைக் கரையோரம் 2016 மே மாத வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வத்தளையும் அந்தக் கங்கைக் கரைதான். என் சொந்தக் கணக்கு, ரோட்டின் நடுமுதுகிலிருந்து ஒன்றரை அடியாவது மேலே. பள்ளமான இடத்தில் அதுவும் போதாது, அக்கம்பக்கத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டு அதற்கு மேலே வையுங்கள்.

ஜனவரி 14, இரவு

தெஹிவளையில் ஒரு வேலை. கருங்கல் ஏற்றிவந்த டிப்பர் பின்னுக்கு வரும்போது மூலைப் புரோபைலில் முட்டிவிட்டது. சாரதி இறங்கி, முளையை நிமிர்த்தி, கல்லால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டார், யாருக்கும் சொல்லவில்லை. பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. அடுத்த நாள் காலை கையாள் பொடியன் ஒருவன்தான், "ஐயா, நூல் நேற்றுக் கல்லை ஒட்டி நின்றது, இன்று இடைவெளி இருக்கு" என்றான். குறுக்களவு பிடித்தோம். இரண்டு அங்குலம் வித்தியாசம்.

அந்தப் பொடியனை நான் அதற்குப் பிறகு போன இடமெல்லாம் கூட்டிக்கொண்டு போனேன். அவன் செய்ததைத்தான் உங்களையும் செய்யச் சொல்கிறேன்: தினமும் காலையில், வேலை தொடங்குமுன், நூலை இழுத்து ஒரு தரம் பாருங்கள். மழை பெய்த மறுநாள் கட்டாயம். மண் இளகினால் முளை தானாகச் சாயும். முடிந்தால் மையக்கோடுகளை நீட்டி மதிலிலும் ஒரு கோடு போட்டு வையுங்கள், பலகை போனாலும் மதில் சாட்சி சொல்லும்.

ஜனவரி 17

பொங்கலோடு பெய்த மழையில் கிடங்கு நிரம்பிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். பதறவேண்டாம். தண்ணீரை இறைத்துவிட்டு அடியைத் தொட்டுப் பாருங்கள். கபுக் மண் (செம்புரைக்கல் மண்) ஊறினால் மேல் இரண்டு மூன்று அங்குலம் சேறாகியிருக்கும். அதை முழுக்கச் சுரண்டி எடுத்து, கட்டியான மண் தெரிந்த பிறகு ஸ்கிரீட் கொங்கிறீற்றுப் (கிடங்கின் அடியில் முதலில் போடுகிற மெலிந்த படை) போடுங்கள். சேற்றின் மேல் கருங்கல்லை அழுத்திவைத்தால் இறுகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்கவேண்டாம். இனிமேல், அடுத்த நாள் கொங்கிறீற்று நிச்சயம் என்றால் மட்டும் கடைசி மூன்று அங்குலத்தை வெட்டச் சொல்லுங்கள்.

ஜனவரி 18, இரவு 9.10

சரி, ஷட்டரிங், அதாவது கொங்கிறீற்று வார்க்க அடிக்கிற பலகை அச்சு. கேள்வியில் இருந்த ரன்னர், கிக்கர், கவர் எல்லாம் இதற்குள்தான்.

ஸ்கிரீட் என்பது கிடங்கின் அடியில் போடுகிற மூன்றங்குல மெலிந்த கொங்கிறீற்று. அது பாரம் தாங்குவதற்கல்ல. அதன் மேல் கோடு கீறலாம், கம்பி மண்ணில் படாது, கொங்கிறீற்றின் தண்ணீரை மண் குடிக்காது. தூணின் பாதத்துக்குப் பக்கப் பலகை அடிப்பது இந்த ஸ்கிரீட்டின் மேல்தான். பலகைக்கு வெளிப்புறம் படுக்கையாக ஓடுகிற சட்டம் ரன்னர். ரன்னரிலிருந்து சாய்வாக நிலத்து முளைக்குப் போவது முட்டு. முட்டு மண்ணில் வெறுமனே குத்தி நிற்கக்கூடாது, முளையில் ஊன்றி ஆணி அடித்திருக்கவேண்டும்.

ஈரக் கொங்கிறீற்று தள்ளுகிற தள்ளு பலருக்குத் தெரியாது. ஒரு கனமீற்றர் ஏறத்தாழ 2400 கிலோ. இரண்டடி ஆழமான பீம் என்றால் பக்கப் பலகையின் அடிவிளிம்பை ஒரு சதுர அடிக்கு ஏறத்தாழ 135 கிலோ வீதம் வெளியே தள்ளும். அதனால்தான் வயிறு தள்ளுவது எப்போதும் அடியில். முட்டு கொடுக்கும்போது முதலில் அடியைக் கவனியுங்கள், மேல்விளிம்பில் தள்ளு குறைவு.

கவர் என்பது கம்பிக்கும் கொங்கிறீற்றின் வெளிமுகத்துக்கும் உள்ள இடைவெளி. ஸ்கிரீட்டின் மேல் என்றால் 40 மில்லிமீற்றர், நேரே மண்ணோடு என்றால் 75. இதற்குச் சீமெந்துக் கட்டிகளை முன்கூட்டியே வார்த்து வைப்பார்கள். கருங்கல் சல்லியை ஒன்றிரண்டு தூக்கி அடியில் வைப்பதும் நடக்கும், விடவேண்டாம். கொங்கிறீற்றுக் கொட்டும்போது அது உருளும், கம்பி அடியில் போய்ப் படுக்கும், ஈரம் ஏறித் துருப்பிடிக்கும்.

கிக்கர் என்பது பாதத்துக்கு மேல் தூணின் அளவிலேயே வார்க்கிற மூன்றங்குலக் குட்டைத் தூண். பிறகு அடிக்கிற தூண் பெட்டி அதைக் கவ்விக்கொண்டு நிற்கும். கிக்கர் இரண்டு நூல் தள்ளினால் தூணும் தள்ளும், மேலே பீமும் தள்ளும். கிக்கர் வார்க்கிற அன்று புரோபைலில் நூல் போட்டு, தூக்குக்குண்டு தொங்கவிட்டு, குண்டின் முனை பெட்டியின் மையக்கோட்டில் விழுகிறதா என்று நீங்களே பாருங்கள். வேறெதற்கும் நேரமில்லாவிட்டாலும் இதற்கு நில்லுங்கள்.

ஜனவரி 18, இரவு 10 மணி தாண்டி

மரம் கேட்டவருக்கு: பக்கப் பலகைக்கு அல்பீசியா மலிவு, ஓரிரு தரம் பாவிக்கலாம், பிறகு வளையும். திரும்பத் திரும்ப வார்க்கிற தூண்களுக்குப் பிளைவுட் நல்லது. முளைக்கு அல்பீசியா வேண்டாம், அடிக்கும்போதே தலை பிளக்கும். பழைய கூரையில் கழற்றிய சட்டங்கள் இருந்தால் முளைக்கு அதைவிட நல்லது கிடையாது. பலகைக்குப் பூச வாகனத்தின் கழிவு எண்ணெயைக் கொண்டுவருவார்கள். கறை பிடிக்கும், கம்பியில் பட்டால் கொங்கிறீற்று பிடிக்காது. ஷட்டரிங் எண்ணெய் வாங்குங்கள், கம்பி கட்டுமுன் பூசுங்கள்.

ஆணியை முழுக்க அடிக்காமல் தலை கொஞ்சம் வெளியே நிற்கும்படி விடுவது சோம்பல் அல்ல. மறுநாள் பலகையைக் கழற்றும்போது சுத்தியலின் வாய் பிடிக்க இடம் வேண்டும். இல்லாவிட்டால் அலவாங்கால் நெம்புவார்கள், பச்சைக் கொங்கிறீற்றின் விளிம்பு உடையும்.

ஜனவரி 21

வெள்ளவத்தையிலிருந்து ஒருவர்: கடலோர மணல், பக்கத்து மதில் ஓரமாக ஐந்தடி வெட்டவேண்டும். அங்கே வெட்டுமுன் பக்கத்தாங்கல் ஆயத்தமாக இருக்கவேண்டும். கிடங்கின் இருபக்கமும் பலகை, அதற்குப் படுக்கைச் சட்டம், எதிரெதிர்ச் சட்டங்களுக்கு இடையே குறுக்கு முட்டு. மதிலோரத்தை ஒரே நாளில் நீளமாகத் திறக்கவேண்டாம். நாலைந்தடி வெட்டி, கட்டி முடித்து, இடைவெளி விட்டு அடுத்த துண்டு. மணல் சரிந்தால் முதலில் போவது மதில் அல்ல, உள்ளே நிற்கிற ஆள். இதில் ஒரு நாள் கூலியை மிச்சம் பிடிக்கிறவரோடு எனக்குப் பேச்சே இல்லை.

கொலன்னாவைப் பக்கம் நிரப்பிய சதுப்பில் காணி வாங்கியவருக்கு: இந்தக் கேள்வி பதிலை மூடிவிட்டு மண் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். கீழே உக்கல் மண் இருந்தால் வருடக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். அங்கே எந்த அத்திவாரம் என்பதை எஞ்சினியர்தான் சொல்லவேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திலும் விசாரிக்கலாம்.

ஜனவரி 29, காலை

கருங்கல் கட்டு முடிந்ததாம், புரோபைலைக் கழற்றலாமா என்று கேட்கிறீர்கள். இன்னும் இல்லை. ஈரத்தடைப் படை போட்டு, சுவரின் மூலைகளை அதன் மேல் குறித்து, முதல் வரிசைக் கல் வைத்த பிறகு கழற்றுங்கள். ஈரத்தடைக்குச் சீமெந்துச் சாந்து முக்கால் அங்குலம், காய்ந்த பின் தார் இரண்டு பூச்சு, மேலே மணல் தூவல். சுவரின் முழு அகலத்துக்கும் போகவேண்டும், ஓரத்தில் அரை அங்குலம் விட்டாலும் ஈரம் அந்த வழியால் ஏறும்.

ஜனவரி 30, இரவு

மண் நிரப்புவதைப் பற்றிக் கடைசியாகக் கேட்டது. கிடங்குக்குள் கிடக்கிற முளை, பலகைத் துண்டு, சீமெந்துப் பை எல்லாவற்றையும் முதலில் பொறுக்கி எடுக்கவேண்டும். மண்ணுக்குள் போகிற ஒவ்வொரு மரத்துண்டும் கறையானுக்கு வைத்த விருந்து. கறையான் மருந்து அடிக்கிறவர் நிரப்பும்போதே வரவேண்டும். பிறகு ஆறங்குலம் ஆறங்குலமாக மண் போட்டு, நனைத்து, இடித்து, அடுத்த படை. சுவரின் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் ஏறட்டும். உள்பக்கத்தை மட்டும் மளமளவென்று நிரப்பினால் புதுக் கட்டு வெளியே தள்ளுப்படும். டிப்பர்காரர் ஒரே குவியலாக உள்ளே கொட்டுவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லி ரோட்டோரம் கொட்டச் சொல்லுங்கள், தாச்சியில் அள்ளிப் போடலாம்.